மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: முன்பும் பின்பும் என்ன எதிர்பார்க்கலாம்?

கழுத்து வலி, தோள்பட்டை வலி, முதுகு வலி. வயது இன்னும் 25கூட ஆகியிருக்காது.

நாற்காலி சரியில்லை, பை கனமாக இருக்கிறது, கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடியிருப்பீர்கள். மார்பகத்தின் எடைதான் காரணம் என்று மனதுக்குத் தெரிந்தாலும் அதை வெளியே சொல்லக் கூச்சம். அப்படியே சொன்னாலும் "இதுக்குப் போய் யாராவது ஆபரேஷன் செய்வாங்களா?" என்ற பதில்தான் வரும் என்ற பயம்.

செய்கிறார்கள். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டுவரும் சிகிச்சைதான் இது. வலி குறைவதை நோயாளிகள் சீக்கிரமே உணர்கிறார்கள். ஆனால் தழும்பு எப்போதும் இருக்கும். சில மாற்றங்களைத் திரும்பப் பெற முடியாது. இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

யாருக்கு இது தேவைப்படலாம்?

மார்பகம் பெரிதாக இருப்பது நோயில்லை. அதன் எடை அன்றாட வாழ்க்கையைத் தொந்தரவு செய்யும்போதுதான் மருத்துவர்கள் சிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். பொதுவான அறிகுறிகள் இவை:

- நீண்ட நாளாக இருக்கும் கழுத்து, தோள்பட்டை, முதுகு வலி
- உள்ளாடைப் பட்டை தோளில் பதிந்து ஏற்படும் பள்ளம்
- மார்பகத்தின் அடிமடிப்பில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பு, தோல் சிவத்தல், புண். நம்மூர் வெயிலிலும் புழுக்கத்திலும் இது இன்னும் மோசமாகும்.
- ஓட, குதிக்க, நடனமாட முடியாமல் போவது
- சிலருக்குத் தலைவலி, கைகளில் மரத்துப்போகும் உணர்வு

பள்ளியில் வலைப்பந்து விளையாட்டிலிருந்து விலகியது, எப்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பது, தொளதொள சட்டை மட்டுமே போடுவது போன்றவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "இதெல்லாம் சின்ன விஷயம்" என்று நீங்களே தள்ளுபடி செய்துவிடாதீர்கள்.

"வெயிட் குறைச்சா சரியாயிடுமே?"

கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

மார்பகத்தில் கொழுப்பும் இருக்கிறது, பால் சுரப்பித் திசுவும் இருக்கிறது. கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு உடல் எடை குறைந்தால் மார்பகமும் ஓரளவு சிறிதாகலாம். சுரப்பித் திசு அதிகம் உள்ளவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆனாலும் உடல் எடை முக்கியம்தான். எடை மிக அதிகமாக இருந்தால் மயக்க மருந்தின் ஆபத்தும் காயம் ஆறத் தாமதமாகும் வாய்ப்பும் கூடும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எடை நிறையக் கூடினால் மார்பகம் மீண்டும் பெரிதாகலாம். அதனால்தான், சில மாதங்களாக ஒரே அளவில் நிற்கும் எடையுடன் வருவதை மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

அளவு சரியான உள்ளாடை, இயன்முறைச் சிகிச்சை, தோல் புண்ணுக்கான மருந்து ஆகியவற்றையும் முதலில் முயன்று பார்க்கச் சொல்லலாம். அவற்றைச் செய்து பார்த்த விவரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

எந்த வயதில் செய்யலாம்?

மார்பக வளர்ச்சி நின்றபிறகு செய்வதே வழக்கம். குறைந்தது ஓராண்டாவது உள்ளாடை அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடுமையாக அவதிப்படும் பதின்ம வயதினருக்கு முன்கூட்டியே செய்வதும் உண்டு. ஆனால் வளர்ச்சி தொடர்ந்தால் இன்னொரு முறை செய்ய நேரிடலாம் என்று எச்சரிப்பார்கள். வயது 21க்குக் கீழ் என்றால் பொதுவாகப் பெற்றோரின் சம்மதமும் கேட்கப்படும்.

கர்ப்பமும் தாய்ப்பால் கொடுப்பதும் மார்பகத்தின் வடிவத்தை மாற்றும். சீக்கிரமே குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அண்மையில் தாய்ப்பாலை நிறுத்தியவர்கள் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் படி, பலதுறை மருந்தகம் அல்லது உங்கள் குடும்ப மருத்துவர். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால், சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிபுணரைப் பார்க்கும் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். சலுகைக் கட்டணத்தில் செல்பவர்கள் பொதுவாக மருத்துவரைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியாது. பெண் மருத்துவர் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுப் பாருங்கள். பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

தனியார் மருந்தகத்துக்குச் செல்வதாக இருந்தால் சமூக ஊடக விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்த மருத்துவர் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

மெடிசேவ் பயன்படுத்தலாமா?

அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு மெடிசேவையோ மெடிஷீல்டு லைஃபையோ பயன்படுத்த முடியாது. மருத்துவத் தேவை இருப்பதாக மதிப்பிடப்பட்டால் நிலைமை வேறு. எனவே வலி, தோல் புண், முயன்று பார்த்த சிகிச்சைகள் எல்லாம் உங்கள் மருத்துவப் பதிவில் இடம்பெறுவது முக்கியம். அவ்வப்போது மருத்துவரிடம் சொன்னால்தான் அது பதிவாகும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்ட வலி எந்தப் பதிவிலும் இருக்காது.

தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் கட்டண ஆலோசனைப் பிரிவிடம் உத்தேசச் செலவை எழுத்துவடிவில் வாங்கிக்கொள்ளுங்கள். தனிப்பட்ட காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனத்திடமும் முன்அனுமதி கேளுங்கள். "செஞ்சிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

வேலைக்குச் செல்பவர்கள் விடுப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வேலை நியமனச் சட்டத்தின்கீழ், ஒரே நிறுவனத்தில் 6 மாதங்கள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்பு உண்டு. வழக்கமான 14 நாள் மருத்துவ விடுப்பும் அந்த 60 நாளில் அடங்கும். இங்கும் சிகிச்சை மருத்துவத் தேவைக்காகவா, அழகுக்காகவா என்ற கேள்வி எழலாம். மனிதவளப் பிரிவிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அதற்கு முன்பு என்ன செய்ய வேண்டும்?

வயதைப் பொறுத்து, மார்பகத்தில் கட்டி ஏதும் இல்லை என்பதை உறுதிப்படுத்த மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்வார்கள். உயரம், எடை, ரத்தப் பரிசோதனை, புகைப்படங்கள் ஆகியவையும் எடுக்கப்படும். முகம் தெரியாமல் எடுக்கப்படும் அந்தப் படங்கள் மருத்துவப் பதிவுக்கானவை. அவை எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

புகைபிடிப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிக்கோடின் ரத்த நாளங்களைச் சுருக்கும். மார்புக்காம்புக்குப் போதிய ரத்தம் போகாவிட்டால் அதை இழக்கும் அபாயமே உண்டு. மின்சிகரெட்டிலும் நிக்கோடின் இருக்கிறது. சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம்தான். ஆனாலும் பயன்படுத்துபவர் என்றால் மயக்க மருந்து நிபுணரிடம் அந்த உண்மையை மறைக்காதீர்கள். மறைத்தால் பாதிக்கப்படுவது உங்கள் உடல்.

ஆஸ்பிரின், இப்யுபுரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை என எதை எடுத்துக்கொண்டாலும் சொல்லிவிடுங்கள். இவற்றில் சில ரத்தக்கசிவை அதிகரிக்கலாம். கருத்தடை மாத்திரையையும் அம்மா முன்னால் சொல்லத் தயக்கம் என்று விட்டுவிட வேண்டாம். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அறுவைச் சிகிச்சையின்போது என்ன நடக்கும்?

முழு மயக்கத்தில், வழக்கமாக 2 முதல் 4 மணி நேரம்வரை நடக்கும். அதிகமான கொழுப்பு, சுரப்பித் திசு, தோல் ஆகியவை அகற்றப்படும். பக்கத்துக்குச் சில நூறு கிராம் எடுப்பது வழக்கம். மிகப் பெரிய மார்பகம் என்றால் ஒரு பக்கத்தில் மட்டுமே 1 கிலோகிராமுக்கு மேல் போகலாம். எடுத்த திசுவைப் பொதுவாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிப்பார்கள்.

மார்புக்காம்பை வெட்டி எடுத்து ஒட்டுவார்கள் என்பது பலரின் பயம். பெரும்பாலான முறைகளில் அது முழுமையாகப் பிரிக்கப்படுவதில்லை. ரத்த நாளமும் நரம்பும் உள்ள திசுவோடு சேர்த்தே மேலே நகர்த்தப்படும். மார்பகம் மிக மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் காம்பைத் தனியே எடுத்துப் பொருத்த நேரிடலாம். அப்போது உணர்வும் தாய்ப்பால் கொடுக்கும் வாய்ப்பும் போய்விடும்.

வெட்டுக்கோடுகள் இரண்டு வகையில் அமைவது வழக்கம். ஒன்று, காம்பின் கருவட்டத்தைச் சுற்றி, அங்கிருந்து நேராகக் கீழே இறங்கும் கோடு. மற்றொன்று, அதோடு அடிமடிப்பு நெடுகிலும் ஒரு கோடு சேரும் நங்கூர வடிவம். அதிகத் திசுவை எடுக்க வேண்டியவர்களுக்கு இரண்டாவது முறை பொருந்தும்.

அன்றே வீடு திரும்பலாம், அல்லது ஓரிரவு தங்கலாம். சேரும் நீரையும் ரத்தத்தையும் வெளியேற்றச் சிலருக்கு மெல்லிய குழாய் பொருத்தப்படும். அது சில நாளில் எடுக்கப்படும்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். "எனக்கு இந்த கப் சைஸ் வேணும்" என்று கேட்டால் மருத்துவரால் உறுதிகொடுக்க முடியாது. உள்ளாடை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காம்புக்கு ரத்தம் போகப் போதுமான திசுவையும் விட்டுவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி அமையும் என்றும் சொல்ல முடியாது.

குணமடையும் காலம்

*முதல் 3 நாள்:* வீக்கம், இறுக்கம், கன்றிப்போன நிறம் இருக்கும். வலி மாத்திரையில் அடங்கும் அளவுக்குத்தான் வலி இருக்கும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் எழுந்து உட்காரவும் கதவைத் தள்ளவும் உதவி தேவைப்படும். ரத்தம் உறையாமல் இருக்க வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். மல்லாந்து, தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்குங்கள்.

*முதல் 2 வாரம்:* கையைத் தோளுக்கு மேல் தூக்குவது சிரமம். தலைக்குக் குளிக்க, முடி பின்ன ஒருவர் வேண்டும். முன்பக்கம் திறக்கும் சட்டைகளை எடுத்து வையுங்கள். பீங்கான் தட்டுகளைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கி வையுங்கள். எப்போது குளிக்கலாம், கட்டை எப்போது நனைக்கலாம் என்று தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேசை வேலை செய்பவர்கள் 1 முதல் 2 வாரத்தில் திரும்பலாம். எம்ஆர்டியில் மேலே உள்ள பிடியைப் பிடிக்க முடியாது. முன்னுரிமை இருக்கையில் தயங்காமல் உட்காருங்கள். அது உங்களுக்கும்தான்.

*3 முதல் 6 வாரம்:* கம்பியில்லாத, இறுக்கமான சிறப்பு உள்ளாடையை இரவும் பகலும் அணியச் சொல்வார்கள். கனமான பொருள்களைத் தூக்கக்கூடாது. சந்தைப் பை, பிள்ளை, அரிசி மூட்டை எதற்கும் விதிவிலக்கு இல்லை. நீச்சல், ஓட்டம், உடற்பயிற்சிக்கூடம், பரதநாட்டிய வகுப்பு எல்லாம் பொதுவாக 6 வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்று சொன்னபிறகுதான். கார் ஓட்டுபவர்கள், இடைவார் அழுத்தாமலும் திடீரென்று பிரேக் போட்டால் வலிக்காமலும் இருக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

*3 முதல் 6 மாதம்:* முதலில் மார்பகம் மேலே ஏறி, சற்றுச் சதுரமாகத் தெரியும். கண்ணாடியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வீக்கம் வடிந்து இயல்பான வடிவத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். தீபாவளி ரவிக்கைக்கு அளவு கொடுக்க இதுவரை பொறுத்திருங்கள். சீக்கிரமே தைத்தால் மறுபடியும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

*12 முதல் 18 மாதம்:* தழும்பு முதலில் சிவந்து அல்லது கறுத்துத் தடிப்பாக இருக்கும். அது மெல்ல வெளிற இவ்வளவு காலம் எடுக்கும்.

சாப்பாட்டுப் பத்தியம் உண்டா?

"முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்" என்று பாட்டி சொல்லலாம். உண்மையில் காயம் ஆறப் புரதம் தேவை. ஒவ்வாமை இல்லாதவரை முட்டை, மீன், கோழி, பருப்பு, தவ்ஹு எல்லாம் சாப்பிடலாம். நம்மூரில் அறுவைச் சிகிச்சை என்றாலே விரால் மீன் சூப் வந்துவிடும். அதுவும் நல்ல உணவுதான். ஆனால் மருந்துக்கும் மறுபரிசோதனைக்கும் அது ஈடாகாது. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை ஏற்படுத்தும். எனவே தண்ணீர், பழம், காய்கறி அவசியம்.

தழும்பு, உணர்வு, தாய்ப்பால்: முன்பே தெரிய வேண்டிய மூன்று

தழும்பு மறையாது, மங்கும். கறுத்த சருமம் உள்ளவர்களுக்குத் தழும்பு தடித்துப் புடைக்கும் கீலாய்டு வரும் வாய்ப்பு அதிகம். நம்மில் பலருக்கு இது பொருந்தும். காது குத்திய இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில், அல்லது குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். காயம் முழுமையாக ஆறியபிறகு சிலிக்கோன் பட்டை அல்லது ஜெல் பயன்படுத்தச் சொல்லலாம்.

காம்பிலும் தோலிலும் உணர்வு குறையலாம், சில வேளை கூசலாம். பலருக்கு மாதங்களில் திரும்பும். சிலருக்குத் திரும்பாமலே போகலாம்.

தாய்ப்பால் கொடுக்க முடியுமா என்பது எந்த முறையில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. பலரால் முடிகிறது. ஆனால் பால் போதாமல் போகலாம். முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. திருமணம், குழந்தை எல்லாம் இன்னும் தொலைவில் இருப்பதாகத் தோன்றினாலும், இந்தக் கேள்வியை இப்போதே யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேறு சிக்கல்களும் உண்டு: கிருமித்தொற்று, உள்ளே ரத்தம் கட்டுதல், கொழுப்பு கெட்டியாகிக் கட்டிபோல் தெரிதல். கோடுகள் சந்திக்கும் இடத்தில் சிறு புண் ஆறத் தாமதமாவது அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் கட்டுப்போட்டே சில வாரங்களில் ஆறிவிடும்.

எப்போது காத்திருக்கக்கூடாது?

கீழ்க்காணும் எது இருந்தாலும் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்:

- ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, வலி கூடுவது
- காம்பு நீலமாக அல்லது கறுப்பாக மாறுவது
- 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம்
- ஒரு காலின் ஆடுசதையில் வலியும் வீக்கமும்

மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 995ஐ அழையுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

"கடவுள் கொடுத்த உடம்பு", "கல்யாணம் ஆகட்டும், பார்க்கலாம்", "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" இவற்றில் ஒன்றையாவது கேட்க நேரிடலாம். பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது பயம்தான். மயக்க மருந்தைப் பற்றிய பயம், தாய்ப்பாலைப் பற்றிய பயம்.

வாதிடுவதைவிட, அம்மாவையோ அக்காவையோ ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பலன் தரும். தோளில் இருக்கும் பள்ளத்தையும் அடிமடிப்புப் புண்ணையும் காட்டுங்கள். "அழகுக்காக இல்லம்மா, வலிக்குது" என்று சொல்லுங்கள். முதல் 2 வாரம் தலைக்கு ஊற்றிவிட யாராவது வேண்டுமல்லவா? அந்த ஆள் விஷயம் தெரிந்தவராக இருப்பது நல்லது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. துணைவரோ தோழியோ வற்புறுத்துகிறார் என்பதற்காகச் செய்துகொள்ளாதீர்கள். வலி உங்களுடையது. தழும்பும் உங்களுடையதாகவே இருக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் மார்பகத்துக்கு எந்த முறை பொருந்தும்? ஏன்?
2. என் போன்ற சருமத்தில் ஓராண்டுக்குப் பின் தழும்பு எப்படி இருந்தது என்று படம் காட்ட முடியுமா?
3. உணர்வையும் தாய்ப்பாலையும் காக்க என்ன செய்வீர்கள்? அது எவ்வளவு சாத்தியம்?
4. என் நிலை மருத்துவத் தேவையாகக் கருதப்படுமா? மொத்தச் செலவு எவ்வளவு?
5. சிக்கல் வந்தால் இரவில் யாரை அழைப்பது? மறுசிகிச்சைக்குக் கட்டணம் உண்டா?
6. இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இது அவசரச் சிகிச்சை இல்லை. "இன்னைக்கே முன்பணம் கட்டினா தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். யோசிக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

செய்துகொண்டாலும் இல்லாவிட்டாலும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை தொடர வேண்டும். சிங்கப்பூரில் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 2 ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் எடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. அப்போது இந்த அறுவைச் சிகிச்சை பற்றித் தவறாமல் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தழும்பும் படத்தில் தெரியும்.

இப்போதைக்கு, தோள் வலி இருந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அது எதனால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.